வேறோர் இடத்தில் நம் பெயர்

அரிதான பெயர் வைக்கப்பட்ட ஒருவர் தம் பெயரை எதிர்பாராத ஓரிடத்தில் காண்கிறார், அல்லது கேட்கிறார். கடைப் பலகையில், பத்திரிகைத் துண்டில், பஸ் நிலையத்துக் கூச்சலில். முதலில் ஒரு திடுக்கம், பிறகு மகிழ்ச்சி, அதோடு ஒட்டிக்கொண்டு எதையோ பறிகொடுத்தது போன்ற ஒரு வருத்தம். சில நொடிகளுக்குள் இத்தனையும் வந்துபோகின்றன. உளவியலாளர்கள் இதைச் சேர்ந்த பல விஷயங்களை எழுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த மலையகத்துக்காரர்களான நமக்கு இதில் கூடுதலாகவும் ஒன்று உண்டு. இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொள்ள முயல்வோம்.

என் பெயர் ஏலாதி. தமிழாசிரியராக இருந்த தாத்தா வைத்தது. தலவாக்கலைப் பக்கம் நான் வளர்ந்த தோட்டத்தில் இந்தப் பெயரில் இன்னொருவர் இல்லை, பாடசாலையிலும் இல்லை. ஆகவே இதை வெளியில் நின்று எழுதவில்லை.

முதலில் காதைப் பார்ப்போம். 1953இல் கொலின் செரி என்ற பிரித்தானிய ஆய்வாளர், ஆட்களுக்கு ஹெட்போன் மாட்டி, ஒரு காதில் ஒரு பேச்சையும் மறு காதில் வேறொரு பேச்சையும் ஓடவிட்டார். ஒரு காதில் கேட்பதை மட்டும் உடனுக்குடன் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். முடிந்த பிறகு, மறு காதில் என்ன கேட்டது என்று விசாரித்தால், ஆண் குரலா பெண் குரலா என்பதற்கு மேல் அவர்களுக்கு அநேகமாக எதுவும் சொல்லத் தெரியவில்லை. கவனம் கொடுக்காத பேச்சு அப்படியே கரைந்துபோயிருந்தது. 1959இல் நெவில் மொரே என்பவர் இதே முறையில் ஒரு மாற்றம் செய்தார். கவனிக்காத காதில் ஓடும் பேச்சுக்கு நடுவே, கேட்பவரின் பெயரையே நுழைத்தார். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது கேட்டுவிட்டது. விருந்தொன்றில் பல பேச்சுகளுக்கு நடுவே யாரோ நம் பெயரைச் சொன்னால் சட்டென்று திரும்புகிறோம் அல்லவா? அதனால் இதை விருந்துக் கூட்ட விளைவு என்று சொல்வதுண்டு.

எவ்வளவு சத்தத்திலும் எல்லாருக்கும் தம் பெயர் கேட்டுவிடும் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது மிகை. மூன்றில் இருவருக்குக் கேட்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். 2001இல் வந்த இன்னோர் ஆய்வு, யாருக்குக் கேட்கிறது என்பதையும் ஆராய்ந்தது. பல விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தி வேலைசெய்யும் ஆற்றல் குறைந்தவர்களில் 65 சதவீதத்தினர் தம் பெயரைக் கவனித்தார்கள். அந்த ஆற்றல் மிகுந்தவர்களில் 20 சதவீதத்தினர் மட்டுமே கவனித்தார்கள். கொடுத்த வேலையில் மனம் இறுக ஒட்டியவர்களைப் பெயரால்கூட அசைக்க முடியவில்லை.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்குகிறது? 1995இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, நாலரை மாதக் குழந்தைகளே மற்றப் பெயர்களைவிடத் தம் பெயரை நெடுநேரம் கேட்க விரும்புகின்றன. பெயர் என்றால் என்ன என்றே தெரியாத வயது. அந்த ஒலி வந்தால் ஒரு முகம் குனியும், பால் வரும், தூக்குவார்கள் என்ற அளவில்தான் அந்தப் பிஞ்சு மனத்துக்கு விளங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நித்திரையில் இருப்பவரின் மூளைகூட மற்றப் பெயர்களைவிடத் தன் பெயருக்கு அதிகமாக அசைகிறது என்பதை 1960இலேயே பதிவுசெய்துவிட்டார்கள்.

இவையெல்லாம் எந்தப் பெயருக்கும் பொருந்துபவை. பெயர் அரிதாக இருந்தால் என்ன நேர்கிறது என்பதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. கொழுந்து மடுவத்தில் சற்று நேரம் நின்றால் போதும்.

பின்னேரம் கொழுந்து நிறுக்கும் நேரம். தராசில் சாக்கைத் தொங்கவிட்டு, கணக்கப்பிள்ளை பெயரையும் கிலோவையும் சொல்லிக்கொண்டே எழுதுகிறார். வரிசையில் லெட்சுமி என்ற பெயரில் மட்டும் பலர். "லெட்சுமி" என்று குரல் எழும்பினால் அவர்களில் ஒருவரும் அசைவதில்லை. தோட்டப் பிரிவைச் சொல்லிப் "பணியக் கணக்கு லெட்சுமி" என்றோ, வீட்டு வரிசையைச் சொல்லிப் "பத்தாம் லயத்து லெட்சுமி" என்றோ மிச்சமும் வந்து சேர்ந்த பிறகே உரியவர் நிமிர்கிறார். மற்றவர்கள் சும்மாட்டை உதறிக்கொண்டே விட்ட பேச்சைத் தொடர்கிறார்கள். பெயரைச் சரியாகப் பிடிப்பது அங்கே விளையாட்டுக் காரியமில்லை. அன்றைய கூலிக்கான பேர், அதாவது நாள் வேலைப் பதிவு, முழுதாக விழுந்ததா, நிறை குறைந்து அரைப்பேர் ஆகிவிட்டதா என்பது அந்த ஏட்டில்தான் இருக்கிறது. பொதுப்பெயர் உடையவர்கள் சிறு வயதிலேயே பெயரின் மிச்சத்துக்குக் காத்திருக்கப் பழகிவிடுகிறார்கள். வகுப்பில் முதலெழுத்து, தோட்டத்தில் லயம், உறவுக்குள் பெரியவள் சின்னவள். அவர்களுக்குப் பெயர் என்பது "நானாக இருக்கலாம்" என்ற செய்தி.

அரிய பெயர்க்காரருக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதே இல்லை. ஒலி கேட்டால் அது நான்தான். இருபது, முப்பது ஆண்டுகளாக ஒரு முறைகூடப் பிசகாத கணக்கு அது. அதனால்தான் பிசகும்போது அவ்வளவு அதிர்ச்சி.

ஹட்டன் பஸ் நிலையத்தில் எனக்கு அது நேர்ந்தது. மழை விட்டிருந்த மாலை. கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா என்று கொண்டக்டர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். மஸ்கெலியா பஸ் உறுமிக்கொண்டு பின்னால் எடுத்தது. அதற்குள், "ஏலாதி, தண்ணிக்குள்ள போகாத, இங்க வா!" என்று ஒரு பெண்ணின் குரல். என் கால் தானாக நின்றுவிட்டது. நின்றதோடு இல்லை, பாதை ஓரத்துத் தண்ணீரிலிருந்து ஓரடி விலகியும் விட்டேன். திரும்பிப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஐந்து வயதிருக்கும் ஒரு சிறுமி, இளஞ்சிவப்பு ரப்பர் செருப்போடு அந்தத் தாயிடம் ஓடினாள். அவளை அள்ளிக் கொஞ்ச வேண்டும் போல் இருந்தது. கூடவே, என் சேலையை வேறொருவர் உடுத்திக்கொண்டு எதிரே வருவதைப் பார்ப்பது போலவும் இருந்தது.

மகிழ்ச்சியும் பொறாமையும் ஒரே நேரத்தில் வருவது விநோதமாகத் தோன்றலாம். இதற்கு மரிலின் புருவர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1991இல் முன்வைத்த விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. மனிதருக்கு இரண்டு தேவைகள் ஓயாமல் இழுபறிப்படுகின்றன என்கிறார் அவர்: நாலு பேரோடு சேர்ந்து ஒருவராக இருக்க வேண்டும், அதே வேளை நாலு பேரிலிருந்து பிரித்தறியப்படவும் வேண்டும். ஒன்று மிஞ்சினால் மற்றதைத் தேடுகிறோம். அரிய பெயர்க்காரருக்கு இரண்டாவது தேவை பெயராலேயே நிறைவேறிவிடுகிறது. முதலாவது காய்ந்து கிடக்கிறது. "இது என்ன பேர், யார் வைத்தது, சாமிப் பேரா?" என்று கேட்கப்பட்டே வளர்ந்தவர் அவர். தன் பெயரில் இன்னொருவரைக் கண்டதும், தனித்து நின்றது சற்றுக் குறைகிறது; துணை ஒன்று கிடைக்கிறது. அந்த இழப்பும் இந்த வரவும் ஒரே பொழுதில் வருவதால்தான் சிரிப்பதா சுணங்குவதா என்று முகத்துக்கே தெரிவதில்லை.

பொறாமைப் பங்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோசெப் நுட்டின் 1985இல் ஒன்றைக் காட்டினார்: மக்கள் தம் பெயரில் உள்ள எழுத்துகளை, அப்படி விரும்புகிறோம் என்று தாமே அறியாமல், மற்ற எழுத்துகளைவிட அதிகமாக விரும்புகிறார்கள். தனி எழுத்தின் மீதே அவ்வளவு சொந்தம் என்றால் முழுப்பெயரின் மீது எவ்வளவு இருக்கும்!

இதிலிருந்து சிலர் வெகுதூரம் போய்விட்டார்கள். பெயரின் எழுத்துகள் ஒருவர் தேர்ந்தெடுக்கும் தொழிலையும் ஊரையும்கூடச் சாய்க்கின்றன என்று 2002இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை வந்தது. அமெரிக்காவில் டெனிஸ் என்ற பெயருடையவர்களில் டென்டிஸ்ட்டுகள், அதாவது பல் வைத்தியர்கள், எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்பது அதன் பிரபலமான உதாரணம். 2011இல் யூரி சைமன்சோன் என்ற ஆய்வாளர் அதை மறுபடி ஆராய்ந்தார். சட்டத்தரணிகளிலும் டெனிஸ்கள் அதிகமாகவே இருந்தார்கள். ஒரு தலைமுறையில் அந்தப் பெயர் மிகுதியாக வைக்கப்பட்டிருந்தது; அந்தத் தலைமுறையினர் அந்தத் தொழில்களில் மிகுந்திருந்தார்கள். விஷயம் அவ்வளவே. இந்த மறுப்பை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பெயர்கள் உலகத்தில் ஒரே சீராகத் தூவப்பட்டிருப்பதில்லை. காலத்தாலும் ஊராலும் சாதியாலும் மதத்தாலும் அவை அங்கங்கே திரண்டு கிடக்கின்றன. ஓரிடத்தில் அரிது என்பது எங்கும் அரிது என்று ஆகாது.

என் பெயரே இதற்குச் சாட்சி. தமிழ்ப் பாடவேளையில் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களின் பட்டியலை ஆசிரியர் வாசித்துக்கொண்டு போனார். கணிமேதாவியார் இயற்றிய ஏலாதி என்ற இடம் வந்ததும் வகுப்பு முழுவதும் என் பக்கம் திரும்பியது. காது சுட்டது, பெருமையாகவும் இருந்தது. பின்னாளில் சித்த மருந்துக் கடையின் அலமாரியில் ஏலாதி சூரணத்தையும் பார்த்தேன். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு என்ற அந்த வாசனைச் சரக்குகளின் கூட்டுக்கே உரிய பெயரை நூல் எடுத்துக்கொண்டது. நூலிலிருந்து தாத்தா எனக்கு எடுத்தார். ஒரு பொருளில் அல்லது நூலில் நம் பெயரைக் காணும்போது பொறாமை வருவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். அங்கே போட்டிக்கு ஆள் இல்லை. நமக்கு முன்பே அது இருந்தது என்ற நிம்மதிதான் வருகிறது.

மறைமலை அடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழில் மாற்றிக்கொண்டவரின் இயக்கம். அதன் வழியில் இலக்கியப் பெயர்களையும் தூய தமிழ்ப் பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் பல குடும்பங்களில் வேரூன்றியது. அப்படிப்பட்ட வீடுகள் நிறைந்த ஓர் ஊரில் என் பெயரைக் கேட்டு யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். லயத்தில் மட்டுமே அது அபூர்வம்.

பத்திரிகையில் பெயரைக் காண்பது வேறு வகை. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தல்களை நினைத்துப் பாருங்கள். இறந்தவரின் பெயர், பிறந்த இடம், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார் இன்னாரின் சகோதரியும் என்று ஒரு குடும்பமே அந்தச் சிறு கட்டத்துக்குள் வந்துவிடும். அந்தப் பக்கத்தைப் புரட்டும் கண் வரி வரியாக வாசிப்பதில்லை, மேலோட்டமாக மேய்கிறது. ஆயினும் தன் பெயரில் போய்க் குத்தி நிற்கிறது. அரிய பெயர் உடைய என் நண்பி ஒருவர், வைத்தியசாலையில் மருந்துக்குக் காத்திருந்தபோது, கையில் கிடைத்த பழைய பத்திரிகையில் கறுப்புக் கட்டத்துக்குள் தன் பெயரைக் கண்டார். கையெல்லாம் குளிர்ந்துவிட்டது என்றார். தகப்பன் பெயரையும் ஊரையும் வாசித்துத் தான் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகும், பத்திரிகையை மடித்து வைக்க மனம் வரவில்லையாம். பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே அடக்கம் என்று கடைசி வரி வரைக்கும் வாசித்தாராம். முன்பின் தெரியாத ஒருவருக்காக அன்று விளக்கு ஏற்றியதாகவும் சொன்னார். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பெயர் ஒன்றாக இருந்ததால் ஓர் அந்நியரின் வாழ்க்கையை முழுதாக வாசிக்கப் பொறுமை வந்தது, அது நல்லதுதான்.

இனி மலையகத்துக்கு உரிய அந்தக் கூடுதல் விஷயம்.

வேறிடத்தில் தம் பெயரையோ தம் வீட்டு அரிய பெயர் ஒன்றையோ கேட்டால், நம் ஆட்கள் உடனே கேட்கும் கேள்வி, "எந்தத் தோட்டம்?" என்பது. அடுத்து, "யார் வீட்டுப் பிள்ளை?" இதற்கு வரலாறு இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சம் 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. அண்ணனுக்கு இங்கே, தங்கைக்கு அங்கே என்று ஒரே அடுப்பில் உலை வைத்தவர்கள் பிரிந்தார்கள். ரயில் கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். கடிதங்கள் சில காலம் வந்தன, பிறகு நின்றன. முகவரி மாறியது, எழுதத் தெரிந்தவர் இறந்துபோனார். பல குடும்பங்களுக்கு மிஞ்சியது ஒரு பெயர் மட்டும்.

அந்தப் பெயர் முத்துசாமி என்றால் தேடுவது வீண். அது அரிதாக இருந்தால் நம்பிக்கை பிறக்கிறது. இந்த நியாயம் கணித ரீதியாகவும் சரிதான். எல்லாரிடமும் உள்ள பெயர் பொருந்தினால் அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. சிலரிடம் மட்டுமே உள்ள பெயர் பொருந்தினால், தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு குறைவதால், அது பலமான தடயமாகிறது. எனவே அரிய பெயர் கேட்டதும் மலையகத்துக்காரருக்கு நெஞ்சு அடித்துக்கொள்வதில், ஆய்வாளர்கள் சொல்லும் திடுக்கத்தோடு இந்தக் கணக்கும் கலந்திருக்கிறது.

ஆனால் டெனிஸ் கதையை இங்கே மறக்கக்கூடாது. நம் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், இராமநாதபுரம் போன்ற பகுதிகளிலிருந்து வந்தவர்கள். குலதெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். ஒரு சிறு கிராமத்துத் தெய்வத்தின் பெயர் நுவரெலியா மாவட்டத்தில் ஒரே வீட்டில் இருக்கலாம். அந்தக் கிராமத்திலோ வீட்டுக்கு ஒருவருக்கு அதே பெயர் இருக்கும். பெயர் பொருந்தினால் ஒரே தெய்வத்தைக் கும்பிடுபவர்கள் என்று நம்பலாம். ஒரே வயிற்றுப் பிறப்பு என்று நம்புவதற்கு இன்னும் பல வேண்டும்.

எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் இதை அனுபவத்தால் நன்கு அறிந்தவர். அவருடைய தங்கை குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனவர்; பெயர் குலதெய்வப் பெயர். அந்தப் பெயர் எங்கே காதில் விழுந்தாலும் அவர் எழுந்து நிற்பார். நின்றபடியே கேட்பார்: தகப்பன் பெயர் என்ன, போனபோது எந்தத் தோட்டம், எந்தக் கணக்கு, எந்த வருடம், தாய்மாமன் யார். இந்த வரிசையை அவர் மாற்றுவதில்லை. தாய்மாமன் பெயரைக் கடைசியில் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஊகித்துச் சொல்ல முடியாத விடை அதுதான் என்பார்.

எழுத்தும் குழப்பும். தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கேற்ப வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் ஒலிக்கிறது. சிங்களத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து. என் பெயரின் கடைசி எழுத்தை, காதால் கேட்டு எழுதும் உத்தியோகத்தர் ஒன்றாகவும், தமிழ் எழுத்தைப் பார்த்துப் பெயர்க்கும் உத்தியோகத்தர் வேறொன்றாகவும் எழுதுவார். ஆங்கிலத்தில் போகும்போது இன்னும் இரண்டு மூன்று வடிவங்கள் பிறக்கும். இப்படித் திரிந்த ஒரு வடிவத்தைப் பட்டியலில் காணும்போது, இது நான்தானா என்று ஒரு நொடி தயங்க வேண்டியிருக்கிறது. தன் பெயரைத் தானே அடையாளம் காணாத அந்த நொடியை எவருக்கும் விரும்பமாட்டேன். பிறப்புச் சான்றிதழ் பதியும்போதே மூன்று மொழியிலும் எழுதிக் கொடுத்து, எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்பது இதனால்தான் அவசியம்.

ஒருமுறை இப்படிப் பெயரைக் கண்ட பிறகு அது அடிக்கடி கண்ணில் படுவதாகத் தோன்றும். பெயர் பெருகிவிட்டதென்று எண்ண வேண்டாம். கவனம் விழித்துக்கொண்டதால் முன்பு நழுவியதெல்லாம் இப்போது அகப்படுகிறது. ஆர்னல்ட் சுவிக்கி என்ற மொழியியலாளர் 2005இல் இந்த மயக்கத்துக்குப் பெயர் சூட்டினார்.

இதே பெயருடைய ஒருவரைச் சந்தித்தால் என்ன பேசுவது என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். யார் வைத்தார்கள் என்று கேளுங்கள். அரிய பெயருக்குப் பின்னால் எப்போதும் ஓர் ஆள் இருப்பார்: ஒரு தாத்தா, ஓர் ஆசிரியர், நேர்த்திக்கடன் வைத்த ஒரு தாய். ஹட்டனில் அன்று நான் அந்தத் தாயிடம் கேட்டேன். பாடசாலை நாட்களில் படித்து மனத்தில் நின்ற நூற்பெயர் என்றார். என் பெயரைச் சொன்னதும் நம்பவில்லை. அடையாள அட்டையை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. சிறுமி அட்டையை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இது என்ட பேரு" என்றாள்.

தேடும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பிரிந்துபோனவரின் பெயரை அது எழுதப்பட்டிருக்கக்கூடிய எல்லா வடிவங்களிலும், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே தகப்பன் பெயர், தோட்டம், கணக்கு, போன வருடம், தாய்மாமன் பெயர், குலதெய்வம், இந்தியாவில் சொந்த ஊர் எது என்பதையும் எழுதுங்கள். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். தாய்மாமன் பெயர் பெரும்பாலும் அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.